கிணற்றுமேட்டுத் தோட்டத்துச் சுவர்

கம்பம் பள்ளத்தாக்கில் மூலவாய்க்கால்பட்டி என்ற ஊரில், திராட்சைக் கொடிகளைக் கவாத்து வெட்டிய மறுநாள் காலையில் வீட்டுச் சுவர்கள் நீர் சொட்டத் தொடங்கியபோது யாரும் அலறவில்லை, யாரும் கையெடுத்துக் கும்பிடவுமில்லை, "எவன்டா தண்ணி ஊத்துனது?" என்றுதான் கேட்டார்கள். மழை பெய்தால்கூட முதலில் பக்கத்துத் தோட்டத்துக்காரன் முகத்தைப் பார்க்கிற ஊர் அது. அவன் தோட்டத்தில் ஒரு தூறல் கூடுதலாக விழுந்திருந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நம்புகிற ஊர்.

சுவர்கள் சாதாரணச் சுவர்கள் அல்ல. காலங்காலமாக அந்த ஊரில் கவாத்து முடிந்ததும் வெட்டிய குச்சிகளை வரப்போரம் குவித்து அந்த வாரத்துக்குள் கொளுத்திவிடுவார்கள். விட்டுவைத்தால் நோய் பரவும். பள்ளத்தாக்கு முழுக்கப் புகை எழும்பி, மலையடிவாரத்தில் பத்து நாள் தொங்கும். இப்படி இருக்கையில்தான் நேசையா என்ற இன்ஜினியர் தெற்கேயிருந்து வந்து, ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை போட்டு, "கொளுத்தாதீங்க, எனக்குக் கொடுங்க, நான் பலகை செஞ்சு வீடு கட்டித் தர்றேன்" என்றார். குச்சியைக் காயவைத்து, மெஷினில் போட்டுத் துருவி, புளியங்கொட்டைப் பசையும் சுண்ணாம்பும் சேர்த்துப் பிசைந்து, இரும்புத் தட்டில் பரப்பி, சூடாக அழுத்தி எடுத்தால் இரண்டு விரல் கனத்துக்குப் பலகை. ஆணி அடித்தால் ஏறும், உதைத்தால் உடையாது, வெயிலில் உள்ளே குளுமையாக இருக்கும்.

ஊர் யோசித்தது. கொளுத்துகிற குப்பையை ஒருத்தன் கேட்கிறான் என்றால் அதில் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது. கடைசியில் குச்சியைக் கொடுக்கச் சம்மதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு. ஒரு தோட்டத்துக் குச்சி இன்னொரு தோட்டத்துக் குச்சியோடு கலக்கக் கூடாது. ஒரு தோட்டத்துக் கொடியை வெட்டிய கத்தரியைக் கழுவாமல் அடுத்த தோட்டத்துக்குள் கொண்டுபோக விடாத ஊர் அது; என் தோட்டத்து விளைச்சல் கலப்போடு கலப்பாகப் போய் அவன் தோட்டத்துக்குச் சேர்ந்துவிட்டால்? எனவே ஒவ்வொரு தோட்டத்துக் குச்சியும் தனிக் கட்டு, தனிக் குவியல், தனி நாள் அரைவை என்று ஆயிற்று. நேசையா தலையில் அடித்துக்கொண்டார். "கலந்து அரைச்சா வேலை பாதியா முடியும்யா" என்றார். ஊர் கேட்கவில்லை. அன்றைக்குக் கலந்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

குச்சிக் கட்டுகளைத் தூக்கி, அடுக்கி, இன்ன தோட்டம் என்று அடையாளம் வைத்துக் காவல் காத்தவர் சீலமுத்து. நாற்பது வருடம் கவாத்துக் கத்தரி பிடித்த கை. பொண்டாட்டி போய் ஆறு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. கணுவின் நெருக்கத்தையும் பட்டையின் நிறத்தையும் பார்த்து இது யார் தோட்டத்துக் கொடி என்று சொல்லிவிடுவார். அவருக்கென்று ஒரு வீடு அதுவரை இருந்ததில்லை. கிணற்றுமேட்டுத் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் முப்பத்தொரு வருடம் குடியிருந்தார். சமைத்ததும் படுத்ததும், பொண்டாட்டியைக் கிடத்தி வைத்திருந்ததும் அந்த மோட்டாருக்குப் பக்கத்தில்தான்.

அரசாங்கம் ரோட்டோரப் புறம்போக்கில் கவாத்துக்காரர்கள் பதினோரு பேருக்குப் பட்டா கொடுத்தபோது, நேசையா இரும்புச் சட்டம் நிறுத்திப் பலகை அடித்து வெள்ளை பூசிப் பதினோரு வீடு கட்டினார். மிச்சப் பலகை லாரியில் ஏறி மதுரைப் பக்கம் போயிற்று. எந்த வீட்டுக்கு எந்தத் தோட்டத்துப் பலகை போனது என்று யாரும் கேட்கவில்லை. அடுக்கிக் கொடுத்த சீலமுத்துவுக்குத் தெரியும். பதினோராவது வீடு, கடைசி வீடு, அவருடையது. அதற்குக் கிணற்றுமேட்டுத் தோட்டத்துப் பலகையை அவரே பார்த்து எடுத்துவைத்தார். அவர் பால் காய்ச்சிக் குடிபோன மாதமே அந்தத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மண் அள்ளும் இயந்திரம் வந்து பந்தல் கல்லையும் கொடியையும் ஒன்றாகப் பிடுங்கிப் போட்டது. இப்போது அங்கே மஞ்சள் கல் நட்ட மனைகள்தான் இருக்கின்றன.

சுவர்கள் நீர் சொட்டிய அந்தக் காலையில், நாலாவது வீட்டுச் செல்லாயி துணியை வைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை. அதே நேரம் கோட்டைச்சாமியின் தோட்டத்தில் முந்தின நாள் வெட்டிய கொடிகளும் வெட்டு வாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தன. கோட்டைச்சாமி ஊரிலேயே பெரிய தோட்டத்துக்காரர், நாலு ஏக்கர் பந்தல். வந்து பார்த்தார். சுவரை நக்கியும் பார்த்தார். "இது என் கொடித் தண்ணி" என்றார். அடுத்த வாரம் இன்னொரு தோட்டம் வெட்டினார்கள், ஏழாவது வீட்டுச் சுவர் சொட்டியது. இப்படி ஒவ்வொரு சுவரும் தன் தோட்டத்தைக் காட்டிக் கொடுத்தது. பிறகு வெள்ளைப் பூச்சைப் பிளந்து துளிர் வந்தது, துளிர் இலையாகி, நூற்றுப் பத்தாவது நாள் அடுப்படிச் சுவரிலும் சாமிப் படத்துக்குப் பக்கத்திலும் பன்னீர்த் திராட்சைக் குலை தொங்கியது.

நேசையா வந்து சுவரை விரலால் தட்டிப் பார்த்து, "ஈரப்பதம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். தோட்டக்கலை ஆபீஸர் வந்து, சுவருக்குச் சர்வே நம்பர் இல்லாததால் இதைப் பயிர் என்று சொல்ல முடியாது என்றார். வீட்டுத் திட்ட ஆபீஸர் வந்து, காய்ப்பதால் இதைச் சுவர் என்று சொல்ல முடியாது என்றார். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு குலை கொடுத்தனுப்பினார்கள்.

ஊர் இந்த அதிசயத்தைத் தன் வழக்கப்படி உள்ளே இழுத்துக்கொண்டது. தோட்டத்துக்காரர்கள் தங்கள் சுவர் இருக்கிற வீட்டுக்குத் தினம் ஒரு நடை வந்தார்கள். "ஏ செல்லாயி, செவுத்துல ஆணி அடிக்காத. அங்கிட்டு எந்தக் கொடி காயுமோ தெரியல" என்பார் கோட்டைச்சாமி. "அப்பக் காலண்டரை உங்க தலையில மாட்டவா மொதலாளி?" என்பாள் அவள். சுவரோரம் புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டால் தோட்டத்தில் பிஞ்சு உதிரும் என்று ஒருவர் சமாதானம் பேச வந்தார். தோட்டத்தில் மருந்தடித்தால் வீட்டில் மருந்து நெடி வரும், அன்றைக்குக் குடும்பம் மொத்தமும் வாசலில் உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் செல்லாயி, வீடு கட்டும்போது மிஞ்சிக் கொல்லையில் கிடந்த பலகைத் துண்டு ஒன்றை உடைத்துச் சோற்றுப் பானைக்கு அடியில் செருகிவிட்டாள். சோறு வேகுமுன் கோட்டைச்சாமி தோட்டத்தில் மூன்று வரிசைக் கொடி கருகிப் போயிற்று. அதற்கப்புறம் அந்தப் பத்து வீட்டுக்கும் காவல் கூடியது. அந்தப் பத்து வீட்டையும் இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசி வீடு மட்டும் யார் கணக்கிலும் சேரவில்லை. ஊரில் யார் வெட்டினாலும் அது சொட்டவில்லை. ஆனால் ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், ஊரே கத்தரியைத் தொடாத நாளில், சீலமுத்து தன் வீட்டுச் சுவரில் படர்ந்ததைத் தானே கவாத்து வெட்டினார். கிணற்றுமேட்டில் வருடாவருடம் அவர் வெட்டுகிற நாள் அது. வெட்டியதும் சுவர் சொட்டியது. சேதி பரவி, தோட்டத்துக்காரர்கள் அவரவர் தோட்டத்துக்கு ஓடினார்கள். யார் கொடியும் சொட்டவில்லை. அல்லது சொட்டியதை யாரோ மறைக்கிறார்கள். திரும்பி வந்து ஒருவர் வேட்டியை ஒருவர் பார்த்தார்கள், ஈரம் இருக்கிறதா என்று.

அந்தப் போகம் பூவெடுக்கிற நேரத்தில் மழை அடித்து ஊர் முழுக்க விளைச்சல் பாதியாயிற்று. மழையைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்? டீக்கடையில் கோட்டைச்சாமி சொன்னார்: "பத்துச் செவுரும் அததுக்குச் சொந்தமான தோட்டத்துல குடிக்குது. சரி. பதினொண்ணாவது எங்க குடிக்குது? சொந்தமா ஒண்ணு இல்லாதது எல்லார் வீட்டுலயும் கை நனைக்கத்தானே செய்யும்?" அதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரி எல்லாருக்கும் பட்டது. அன்றிலிருந்து சீலமுத்து டீக்கடைக்கு வந்தால் பேச்சு நின்றது.

சீலமுத்து வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும். இது கிணற்றுமேட்டுத் தோட்டம் என்று தெரிந்துவிட்டால், இதைக் கொளுத்தினால் யார் கொடியும் கருகாது என்பதும் தெரிந்துவிடும். செத்துப்போன தோட்டம் இந்தச் சுவரில் மட்டும் எப்படிக் காய்க்கிறது என்று அவர் யோசித்ததில்லை. காலையில் எழுந்ததும் இலையைத் திருப்பி அடிச்சாம்பல் நோய் இருக்கிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான். அறுபத்திரண்டு வயதில் கிடைத்த வீடு. கதவை உள்பக்கம் தாழ்போடுகிற சுகம் அவருக்கு இன்னும் பழகவில்லை.

சந்தேகம் வந்தவர்களில் தவசியம்மாளும் ஒருத்தி. ஐம்பது சென்ட் பந்தல் அவளுக்கு; புருஷன் மலைத்தோட்டத்துக்குப் போன ஜீப்பிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் கிடந்தான். அவளுடைய குச்சியும் பலகையானது, ஆனால் பத்து வீட்டில் எதுவும் அவளுடையதாக இல்லை. அப்படியானால் கடைசி வீடாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் மனசில் விழுந்துவிட்டது; தான் வெட்டியபோது அது சொட்டாததை அவள் கணக்கில் வைக்கவில்லை. பங்குனி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே போனதும், தினம் விடியக் குடத்தோடு வந்து சீலமுத்து வீட்டுச் சுவருக்கு ஊற்ற ஆரம்பித்தாள். பத்துக் குடம். அதற்குள் அவளுடைய நேரமும் தெம்பும் தீர்ந்துவிடும், தன் தோட்டத்துக்கு ஊற்ற மிச்சம் இருக்காது. அங்கே கொடி வாடியது. வாடிய கொடியைப் பார்த்து, சுவருக்குத் தண்ணீர் போதவில்லை என்று பன்னிரண்டு குடமாக்கினாள்.

சீலமுத்து ஒரு வாரம் பொறுத்தார். எட்டாம் நாள் அவள் தோட்டத்து வேலியோரம் போய்ப் பார்த்தார். பழம் தண்ணீர் கோக்கிற பருவம். குலைகள் சுண்டி, இலையெல்லாம் ஓரம் மடிந்து, கொடி தன்னையே தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் அவள் குடத்தைச் சாய்க்கும்போது கையைப் பிடித்து நிறுத்தாத குறையாகச் சொன்னார்: "தாயி, ஊத்தாத. இது உன் தோட்டம் இல்ல."

"ஏண்ணே, ஊத்துனா உங்களுக்கு என்ன?"

"உன் பலகை லாரியில போச்சு. நான்தான் ஏத்துனேன். ஒம்போது பலகை. இது கிணத்துமேட்டுத் தோட்டம்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கிணத்துமேடா? அங்க மஞ்சக் கல்லு நிக்குது. செத்த தோட்டம் காய்க்குமாக்கும்?"

"காய்க்குதே."

"என் தோட்டத்தை நீங்க வச்சுக்கிட்டு, எனக்குத் தெரியக் கூடாதுன்னு பேசுறீங்க. எத்தனை நாளா என்னை மாதிரி ஏமாந்தவ கிடைப்பான்னு இருந்தீங்க?" என்று சொல்லி, மிச்சக் குடத்தையும் ஊற்றிவிட்டுப் போனாள்.

அவள் நம்பவில்லை. ஆனால் ரோட்டில் சைக்கிளை நிறுத்தி வேப்பங்குச்சி ஒடித்துக்கொண்டிருந்த கோட்டைச்சாமியின் ஆள் நம்பிவிட்டான். மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்தது. சாயங்காலம் மந்தைத் திடலில் கூடினார்கள்.

"கிணத்துமேடா சீலமுத்து?" என்று கேட்டார் கோட்டைச்சாமி.

"ஆமா மொதலாளி."

"அதைப் பிடுங்கி எறிஞ்சு எவ்வளவு நாளாச்சு? செத்தது இன்னும் பச்சையா நிக்குதுன்னா உசுரோட இருக்கறதைக் குடிச்சுத்தானே நிக்கணும்?"

"அது யாரையும் குடிக்கல. மழையில பூ உதிந்தது உங்களுக்கே தெரியும்."

"மழை எங்களுக்குப் பழக்கம்ப்பா. உன் செவுரு பழக்கமில்ல." சிலர் சிரித்தார்கள். "எப்பவோ கொளுத்தியிருக்க வேண்டிய குச்சி. வெள்ளிக்கிழமை காலையில கொளுத்திருவோம். உன் சாமானை எடுத்து வெளிய வச்சுக்க. வேற இடம் பார்த்துத் தருவோம்."

"எங்க?"

"என் தோட்டத்து மோட்டார் கொட்டகை சும்மாதான் கிடக்கு."

சீலமுத்து வீட்டுக்கு வந்தார். அன்று கதவைத் தாழ்போடவில்லை. வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. சாமான் என்று இருந்ததை ஒரு சாக்கில் கட்டி வைத்தார். விடிந்தால் தவசியம்மாள் குடத்தோடு வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் பன்னிரண்டு குடம் ஊற்றிவிட்டுப் போனாள். வீடு போகப்போவது ஒரு பக்கம் இருக்க, அவருக்கு அந்தச் சுண்டிய குலைகள்தான் கண்ணிலேயே நின்றன. நாற்பது வருடம் கொடியோடு கிடந்த மனுஷன், பழம் தண்ணீர் கோக்கிற பருவத்தில் ஒரு பந்தல் காய்வதைக் கடந்துபோக முடியாது. ஊர் சாப்பிட்டுக் கண் அசருகிற உச்சி வெயிலில் இரண்டு இரும்பு வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். வேலிப் படலை நகர்த்தி உள்ளே நுழைந்து, ஒவ்வொரு கொடியின் தூரிலும் ஒரு வாளி ஊற்றினார். ஒரு நாளைக்கு இரண்டு வரிசை முடிந்தது. வாளிக் கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. புதன்கிழமை முதல் வரிசை இலை நிமிர்ந்தது. வியாழக்கிழமை ஒரு குலையைத் தொட்டுப் பார்த்தார், அது திரும்பக் கனத்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஊர் முழுக்க ரோட்டுக்கு வந்துவிட்டது. நேசையாவும் வந்து, "இது தீப்பிடிக்க நேரமாகும்யா, நல்ல பலகை" என்று யாரிடமோ முனகிக்கொண்டிருந்தார். வாசலில் சாக்கு மூட்டையும் கவாத்துக் கத்தரியும் இருந்தன. சுவரில் வைக்கோல் சார்த்தி, கோட்டைச்சாமியின் ஆள் மண்ணெண்ணெய்க் கேனைத் திறந்தான். சீலமுத்து சுவரைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் வாய்க்கால் பக்கமிருந்து தவசியம்மாள் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. வலது கையைப் பொத்தியிருந்தாள். "வைக்காதே! தீயை வைக்காதே! என் தோட்டம்யா அது!" வைக்கோலுக்கும் ஆளுக்கும் நடுவில் வந்து நின்று கையை விரித்தாள். உள்ளே கருப்பாக ஈர மண் இருந்தது.

"அஞ்சு நாளா என் தோட்டத்துல ஒரு சொட்டு ஊத்தல. வாய்க்கால் மடை அடைச்சுக் கிடக்கு, போயிப் பாருங்க. நான் ஊத்துனதெல்லாம் இந்தச் செவுத்துக்கு. அங்க தூருக்குத் தூரு நனைஞ்சு கிடக்குய்யா! இங்க ஊத்துனது அங்க இறங்கியிருக்கு. இலையெல்லாம் நிமிந்து நிக்குது. எனக்குத் தெரியும்னு சொன்னேன்ல? இந்த மனுசன் பொய்யாப் பேசி என் தோட்டத்தைக் கொளுத்தப் பார்த்தாரு!"

கூட்டம் மொத்தமும் அவள் தோட்டத்துக்குப் போயிற்று. திரும்பி வந்தபோது வைக்கோலை அவர்களே எடுத்துவிட்டார்கள். தங்கள் தோட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியாத இன்னும் நாலைந்து பேர், எதற்கும் இருக்கட்டும் என்று சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தார்கள்.

கோட்டைச்சாமி மட்டும் கடைசியாக வந்தார். அவரும் கொடிக்குப் பிறந்தவர்தான். தூரில் ஊற்றின தண்ணீர் மண்ணில் எப்படிக் குழி பறிக்கும், தானாக இறங்கின ஈரம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சீலமுத்துவின் முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்த்து, பிறகு கையைப் பார்த்தார்.

"உண்மையாப்பா? அவ தோட்டமா இது?"

சீலமுத்துவுக்குச் சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. நான்தான் ஊற்றினேன். இரண்டே சொல். ஒரு தடவை உண்மையைச் சொன்னார், வாசலுக்கு வைக்கோல் வந்தது. இரண்டாம் தடவை சொல்லும் தைரியத்தை அவர் தனக்குள் தேடிப் பார்த்தார். பின்னால் வெள்ளைச் சுவரில் இலைகள் காற்றில் லேசாகப் புரண்டன. கிழிந்த உள்ளங்கைகளை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளை பார்த்ததைத்தானே சொல்லுது மொதலாளி" என்றார்.

கோட்டைச்சாமி தலையை ஆட்டினார். நம்பினாரா இல்லையா என்பது அந்தத் தலையாட்டலில் தெரியவில்லை. "பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தவசியம்மாள் போகும்போது, "இனிமே எங்கிட்டப் பொய் சொல்லாதீங்கண்ணே" என்றாள். சாக்கு மூட்டையை உள்ளே தூக்கி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாளும் அவள் விடியக் குடத்தோடு வந்து சுவருக்கு ஊற்றினாள். அதனால் மறுநாளும் உச்சி வெயிலில் சீலமுத்து வாய்க்காலுக்குப் போகவேண்டி இருந்தது. சுவருக்கு ஊற்றியது அவள் தோட்டத்தில் இறங்காமல் போனால், அன்றைக்கு வீடு போயிற்று. ஒரு நாள் தவறினாலும் போயிற்று. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ரோட்டில் யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்து, படலை நகர்த்தி உள்ளே நுழைந்தார்.

முதல் கொடியின் தூரில் இரண்டு பிளாஸ்டிக் வாளி, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நேற்று அவை அங்கே இல்லை. இரண்டின் கைப்பிடியிலும் பழைய சேலைத் துணியைக் கிழித்து, கை அறுக்காதபடி தடிப்பாகச் சுற்றியிருந்தது.

தனக்காக வைத்ததா, தன்னைப் பிடிக்க வைத்ததா என்று சீலமுத்துவுக்கு விளங்கவில்லை. பந்தலுக்கு அப்பால், தவசியம்மாள் வீட்டு ஜன்னலில் யாரோ நிற்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பிறகு குனிந்து அவற்றை எடுத்துக்கொண்டு வாய்க்காலை நோக்கி நடந்தார்.